அந்த இறகேதான் வேண்டும்

செர்டாங் அக்காவுக்கு ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கொடுத்தால் ஆகாது. அவளிடமிருந்து என்ன போனதோ அதேதான் திரும்பி வரவேண்டும். அதைவிட நல்லது, புதியது, பெரியது என்று எதைக் கொண்டுபோனாலும் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டித் திருப்பி அனுப்புவாள்.

செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை லயத்து வீட்டு வரிசையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். மலேசியாவில், கெடா மாநிலத்துக் குருணிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம். அதற்குமுன் பட்டர்வொர்த்தில் மூட்டை தூக்கினேன், லோரியில் கிளீனராக ஓடினேன், கோலக்கெடாவில் படகுக்குச் சாயம் அடித்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவனுக்கு எந்த வேலையும் ஒன்றுதான். புல்லுக்கு மருந்தடிக்கிற கும்பலோடு வந்தவனுக்கு அக்கா வீட்டை ஒட்டின அறை கிடைத்தது. நடுவில் பலகைச் சுவர். அவள் திட்டுவதைக் கேட்டுத்தான் காலையில் எழுந்திருப்பேன்.

அடுத்த லயத்துக்காரி ஒருத்தி அக்காவின் அம்மிக் குழவியை இரவல் வாங்கிப்போய் உடைத்துவிட்டாள். பயந்துபோய் குருண் பாசாரில் புதுக் குழவி வாங்கி வந்து நீட்டினாள். அக்கா அதைத் தொடவில்லை.

“என்னோடது எங்க?”

“அதான் ஒடஞ்சிருச்சேக்கா.”

“ஒடஞ்சா காணாமப் போயிருமா? எங்க கெடக்கு?”

குப்பைமேட்டிலிருந்து இரண்டு துண்டையும் பொறுக்கி வந்து கொடுத்த பிறகுதான் அடங்கினாள். பெரிய துண்டை வைத்தே அப்புறம் மிளகாய் அரைத்தாள்.

எனக்கும் நடந்தது. அவளுடைய வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் வாளி புதிதாக வாங்கி வந்து வைத்தேன். காலால் தள்ளினாள்.

“கெணத்துலதானே தம்பி கெடக்கு? சயாமுக்கா ஓடிப்போச்சு?”

இறங்கி எடுத்துக் கொடுத்தேன். அடியில் ஓட்டை விழுந்த பழைய தகர வாளி. அதை வாங்கிக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். அவள் புருஷன் ரப்பர் பால் வெட்டுக்காரர், பேசாத மனிதர். “அவ கேக்குறது நியாயம்தான் லா” என்றார். அன்றைக்கு அவர் பேசினது அவ்வளவுதான்.

பிடிவாதக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்து ஜனங்களிடமிருந்து எதை எடுத்தாலும் அதற்குப் பதில் வேறு எதையாவது கையில் திணித்து வாயை அடைப்பதுதான் அங்கே வழக்கம். விரல் போனவனுக்கு வாசல் கூட்டுகிற வேலை. பாம்பு கடித்துச் செத்தவன் வீட்டுக்கு ஒரு மாலை. வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வருவார்கள். அக்கா ஒருத்திதான் கும்பிடாதவள்.

தோட்டத்துக்கு ஒரு ஏரி இருந்தது. ஓடையை மண்கரை போட்டு மறித்து, ரப்பர் ஃபேக்டரிக்கென்று தேக்கின தண்ணீர். அதில் தோமான் மீன் உண்டு. கறுத்த முதுகும் நாய்ப் பல்லுமாகத் தொடை கனத்துக்கு வளரும். லயத்து ஜனங்கள் அதில் தூண்டில் போடக்கூடாது. துரை ஒருவன்தான் போடுவான். துரையை மரியாதையாக எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசியாக மிச்சமிருந்த வெள்ளைக்கார மேனேஜர்களில் ஒருவன். அவனுடைய ஊரில் குளிர்ந்த ஏரிகளில் டிரவுட் என்று ஒரு மீன் உண்டாம். கோடைக்காலம் வந்தால் படகில் போய் அதைப் பிடிப்பார்களாம். அந்த ஆசையை இங்கே கொண்டுவந்து தோமான்மேல் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகு தள்ள என்னைக் கூப்பிட்டுக்கொண்டான். அதனால் அந்த வித்தையைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. கொக்கியில் சேவல் இறகை நூலால் சுற்றிக் கட்டின பொய்ப்பூச்சி. நீளமான மெல்லிய கம்பு. கனமான நூலைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி வீசி நீளம் கூட்டி, கடைசியில் அந்தப் பூச்சியைத் தண்ணீர்மேல் சத்தமில்லாமல் இறக்குவான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பொய் சொல்லமாட்டேன். மீன் கவ்வும், கம்பு வில்லாக வளையும், அரைமணி நேரம் இழுப்பான். பிறகு கொக்கியைக் கழற்றி, மீனைக் குழந்தைபோல இரண்டு கையால் தண்ணீரில் பிடித்து, மூச்சு வந்ததும் விட்டுவிடுவான்.

அது மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிற மாதம். கெடாவில் அப்போது மழை இல்லை. பால் சுரக்காது. வெட்டு பாதி நாள்தான், சம்பளமும் பாதி. லயத்தில் மரவள்ளிக்கிழங்கும் கருவாடும்தான் மூன்று வேளையும். நான் படகைத் தள்ளிக்கொண்டு, ஒரு வீடே இரண்டு நாள் தின்னக்கூடிய மீன் திரும்பத் தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்து அக்காவிடம் சொன்னேன்.

“திங்க மாட்டானா?” என்றாள்.

“மாட்டான்.”

“அப்புறம் எதுக்குப் பிடிக்கிறான்?”

“வெளையாட்டுக்கு.”

கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஏரி இருந்த பக்கம் காறித் துப்பினாள்.

அந்த வீட்டில் ஒரு சேவல் இருந்தது. லயத்தில் எந்தச் சேவலும் ஒரு தீபாவளியைத் தாண்டாது. இது மூன்று தீபாவளியைப் பார்த்தது. காரணம் அக்காவின் மகன். ஏழு வயது. முன்பு அடிக்கடி வலிப்பு வந்து விழுந்துகொண்டிருந்தானாம். ஏரிக்கரை அரசமரத்தடி முனியாண்டிக்கு ஒரு குஞ்சை நேர்ந்துவிட்டு, மூன்று வருஷம் முழுதாக வளர்த்துச் சித்திரைத் திருவிழாவில் கொடுக்கிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பையன் விழவில்லை. நேர்ந்துவிட்ட சேவலுக்குக் காலில் மஞ்சள் துணி. அது யார் வீட்டில் நுழைந்து எதைக் கொத்தினாலும் யாரும் கல்லெடுக்கமாட்டார்கள். வயதான சேவல் என்பதால் கழுத்து இறகு முதுகுவரை வழிந்து தொங்கும். செம்பு நிறம், ஓரத்தில் கறுப்பு.

பொய்ப்பூச்சி கட்ட அப்படிப்பட்ட இறகுதான் வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இளஞ்சேவலின் இறகு தண்ணீரில் துவண்டுவிடுமாம். கிழட்டுச் சேவலின் கழுத்து இறகுதான் விறைத்து நிற்குமாம். துரை அதைத் தன் டிரைவரிடம் கேட்டிருக்கிறான். தோட்டத்திலேயே கிழட்டுச் சேவல் ஒன்றுதான்.

டிரைவர்தான் முனியாண்டி கோயிலுக்குப் பூசாரியும். வார நாளில் துரை காரை ஓட்டுவார், வெள்ளிக்கிழமை சாயந்தரம் வேட்டி கட்டிக்கொண்டு விபூதி கொடுப்பார். இரண்டு எஜமானுக்கும் நல்லவராக இருக்கப் பார்த்தார், அதுதான் அவர் செய்த தப்பு.

ஒரு மத்தியானம் அக்கா வெட்டு முடிந்து வந்தபோது சேவல் கழுத்தில் ஒரு இறகுகூட இல்லை. சிவந்த தோலாக நின்றது. அவள் போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்தது. முந்தின ஞாயிறு துரையின் தகரப் பெட்டியில் செம்பு நிறப் பூச்சிகளைப் பார்த்திருந்தேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிடுங்குவது அதற்கு முந்தைய சனிக்கிழமைகளிலேயே ஆரம்பம் என்றும், நாலு நாலாகப் பிடுங்கி இன்றைக்கு மிச்சத்தையும் பிடுங்கிவிட்டார்கள் என்றும் அப்போது புரிந்தது.

“அக்கா, அது துரையோட தூண்டில்ல இருக்கு” என்றேன்.

துரைக்கு எதையும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் டிரைவர்தான். அவரை அவர் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்தாள். அவர் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

“கற்பூரம் ஏத்திக் கேட்டுட்டுத்தாம்மா எடுத்தேன். ‘மயிரு மட்டுந்தான் சாமி, உசுரு ஒனக்குத்தான்’னு சொன்னேன். பல்லி சொல்லிச்சு.”

“பல்லி ஒனக்குச் சொல்லிச்சா, எனக்குச் சொல்லிச்சா?”

“சாமியே உத்தரவு குடுத்தப்புறம் நீ என்னாம்மா? மொளச்சிரும். திருவிழாவுக்குள்ள பாதி மொளச்சிரும்.”

“மொளைக்கிறது புதுசு. நான் நேந்தது பழசு. அண்ணேன்னு கூப்பிட்டேன் பாரு ஒன்ன. என் புள்ளயோட மயிரப் புடுங்கிக் குடுத்துருக்கியே தொரைக்கு.”

அந்த வாரமே பையன் பள்ளிக்கூடத் திடலில் விழுந்தான். வாயில் நுரையோடு தூக்கி வந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், மாத்திரை தீர்ந்துபோய்ப் பத்து நாளாக வாங்க வரவில்லை, அதனால்தான் என்றார். வெயிலும் அப்படி. எதனால் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. சேவல் முழுதாகப் போனால்தான் பையன் முழுதாக இருப்பான். அது அவளும் சாமியும் பேசி வைத்துக்கொண்டது. நடுவில் ஒருவன் மீனோடு விளையாடக் கை வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை துரை ஏரி நடுவில் இருந்தான். நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய தோமான் ஒன்று கவ்வியது. படகே ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவு பெரியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, நூலைக் கடித்து, பூச்சியோடு போய்விட்டது. துரை ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை சொன்னான். அப்போதுதான் கரையில் அக்காவைப் பார்த்தோம். கக்கத்தில் சேவல்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். எல்லாருக்கும் ‘நீ’ போடுகிற தமிழ்.

“என்னா கலாட்டா?”

“என் சேவலு எறகு ஒங்ககிட்ட இருக்கு தொர. குடுங்க.”

“கோழியா வேணும்? பத்துக் கோழி குடுக்கிறேன். போ வீட்டுக்கு.”

“பத்து யாரு கேட்டா? இதோட எறகக் குடுங்க.”

அவன் சிரித்துவிட்டு மறுபடி நூலை வீசினான். அக்கா சேவலைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். சட்டையும் கைலியுமாக, முழங்கால், இடுப்பு, மார்பு. அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கு அது தெரியும், துரைக்குத் தெரியாது. நான் அவனைக் கேட்காமலே படகைத் திருப்பினேன்.

“நில்லு! மீன் ஓடிப்போகும்!” என்று அவன் கத்தினான். அவளைப் பார்த்துக் கத்தினானா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. படகு அவளை எட்டியதும், அவளிடமிருந்து விடுபட வேறு வழி தெரியாமல் தகரப் பெட்டியைத் திறந்து செம்பு நிறப் பூச்சிகளையும் கட்டாமல் மிச்சமிருந்த இறகுகளையும் அவள் கையில் கொட்டினான்.

கரையில் உட்கார்ந்து பல்லால் நூலை அறுத்து அறுத்து இறகுகளைப் பிரித்து எடுத்தாள். கொக்கிகளைத் தண்ணீரில் வீசினாள்.

“இவ்வளவுதானா தம்பி?” என்று என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். அவளிடம் அப்படிச் சொல்ல முடியாது.

“ஒண்ணு மீன் வாயில போயிருச்சுக்கா.”

“அப்ப அந்த மீனப் பிடிக்கச் சொல்லு.”

துரை முதலில் கோபப்பட்டான். பிறகு அவனுக்குள் இருந்த மீன்பிடிக்காரன் எழுந்துகொண்டான். அந்தப் பெரிய தோமான் அவனுக்கும் வேண்டியிருந்தது. “சரி. பிடிச்சுக் காட்டுறேன்” என்றான்.

தினமும் சாயந்தரம் வந்தான். அக்கா கரையில் சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மீன் மாட்டினால் நான் படகைக் கரைக்குக் கொண்டுவருவேன். துரை மீனின் வாயைப் பிளந்து அவளிடம் காட்டுவான். கூர்ந்து பார்ப்பாள்.

“இது இல்ல.”

விடுவான். மறுபடி வீசுவான். இன்னொன்று வரும்.

“இதுவும் இல்ல. எறகு போன மீனு பெருசு. கண்ணு தெரியலயா?”

இரண்டாம் நாளிலிருந்து லயமே கரைக்கு வந்துவிட்டது. வேலை முடிந்த ஆம்பிளைகள், இடுப்பில் பிள்ளைகளோடு பொம்பிளைகள். கூட்டத்தில் ஒருவன், “மேய்க்க மண்டோரு இல்லாம தொர நல்லா வேலை செய்றாரு பாருங்க லா” என்றான். “அக்கா, பேரு போட்டுக்க, அரை நாள் சம்பளம் குடு” என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு ஏரிமேல் அடித்துத் திரும்பியது. துரைக்குத் தமிழ் தெரியும் என்று சொன்னேனே. கம்பைப் படகில் போட்டான். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோயிருந்தது.

மறுநாள் காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி அக்காவை முன்னால் கூப்பிட்டார். பெரிய கிராணி வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், கெட்டவர் இல்லை. ஆனால் கெட்டதை எடுத்துவரும் ஆளாக அவரைத்தான் வைத்திருந்தார்கள்.

“பாலு கொறஞ்சிருச்சும்மா. ஆளக் கொறைக்கிறாங்க. இருபத்து நாலு மணி நேரத்துல ஒங்க வீட்டக் காலி பண்ணணும். புருஷனுக்கும் சேத்துத்தான்.”

“பாலு எனக்கு மட்டும் கொறஞ்சிருச்சா கிராணியாரே?”

“என்னக் கேக்காத. வேணும்னா தொர கால்ல விழுந்து கேளு.”

“கால்ல விழுந்தா எறகு வருமா?”

அத்தனை பேர் வரிசையில் நின்றோம், ஒருவன் வாய் திறக்கவில்லை. நாற்பது வருஷம் ஆகியும் அந்த வரிசையை நினைத்தால் எனக்கு எரிகிறது.

அக்கா வெட்டுக்குப் போகவில்லை. நேராக ஏரிக்கரை மதகுக்குப் போனாள். அவள் புருஷன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். நான் முதுகிலிருந்த மருந்துத் தோம்பை இறக்கிவைத்துவிட்டு ஓடினேன். மதகு என்பது கல் தூணுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகின கனத்த பலகைகள். வெயிலில் ஏரி ஏற்கெனவே பாதிக்கு இறங்கியிருந்தது. அவர் நெம்பினார், நாங்கள் இருவரும் பிடித்து இழுத்தோம். முதல் பலகை கழன்றதும் தண்ணீர் மற்ற பலகைகளைத் தானே ஆட்ட ஆரம்பித்தது. காரில் அந்தப் பக்கம் வந்த டிரைவர் நிறுத்திப் பார்த்தார். வாயைத் திறந்தார். அக்கா திரும்பிப் பார்த்தாள். காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் நடு ஏரியில் முழங்கால் தண்ணீரும் சேறும்தான். மீன்கள் முதுகு தெரியத் துடித்தன. காலையில் பேசாமல் நின்ற அதே ஜனங்கள் கூடை, வாளி, சாக்கு, கைலி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். விராலும் கெளுத்தியும் தோமானுமாக அள்ளினார்கள். அன்றைக்கு எல்லா அடுப்பிலும் மீன்தான். எல்லாரும் வயிற்றுக்குப் பிடித்தார்கள். அக்கா ஒருத்தி, இடுப்புவரை சேற்றில், ஒவ்வொரு தோமானாகத் தூக்கி வாயைத் திறந்து பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் கூடையில் போட்டுக்கொண்டே போனாள். “இது இல்ல. இந்தா, ஒனக்கு. இது இல்ல.”

மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் அது கிடந்தது. நானும் அவள் புருஷனும் சேர்ந்துதான் தூக்கினோம். தாடையின் இடது ஓரத்தில் கொக்கி. அக்கா விரலை விட்டுப் பார்த்தாள். கொக்கி இருந்தது, சுற்றின நூல் இருந்தது. இறகு இல்லை. மீன் மென்று தின்றுவிட்டது.

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கேட்ட பொருளே உலகத்தில் இல்லை என்றால் அவள் என்ன செய்வாள்? புருஷன்தான் பேசினார்.

“உள்ளதானே இருக்கும்” என்றார்.

அக்கா கொஞ்ச நேரம் அந்த மீனின் வயிற்றையே பார்த்தாள். பிறகு கொக்கியைக்கூடக் கழற்றாமல் மீனைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள்.

திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அவளுக்கு நாள் இல்லை. அரசமரத்தடியில் பூசாரி இல்லை, உடுக்கை இல்லை. பிரித்தெடுத்த இறகுகளை மஞ்சள் துணியில் முடிந்து சேவலின் மொட்டைக் கழுத்தில் கட்டினாள். பையனை முன்னால் நிறுத்தினாள். தோமானை முனியாண்டியின் காலடியில் போட்டாள். அது இன்னும் வாலை அடித்தது.

“கொறஞ்சது இது வயித்துல இருக்கு. பாத்துக்க. நான் எதையும் மாத்திக் கொண்டாரல. முழுசா குடுத்துட்டேன். நீயும் முழுசா குடு” என்றாள். சத்தமாக, திட்டுகிற குரலில்தான் சொன்னாள். சாமிக்கென்று தனிக் குரல் அவளிடம் இல்லை.

புருஷன் சேவலை அறுத்தார். ரத்தம் மீன்மேலும் தெறித்தது.

அந்த நேரத்தில் கிராணி வேகமாக நடந்து வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. மதகைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். அது இல்லை.

“தொர சொல்லி அனுப்பிச்சாரு. அந்தப் பெரிய மீனு தோட்டத்துச் சொத்தாம். பக்கத்துத் தோட்டத்துத் தொரைங்களுக்குக் காட்டிப் படம் பிடிக்கணுமாம். அதக் குடுத்துட்டுப் போவச் சொல்றாரு. குடுத்துட்டா மதகு விஷயத்தக் கிளற மாட்டாராம்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“குடுத்தாச்சே கிராணியாரே.”

“யார்கிட்ட?”

மோவாயால் காட்டினாள். “அவர்கிட்ட. வேணும்னா கேட்டு வாங்கிக்கிட்டுப் போங்க. நான் தடுக்கல.”

கிராணி மீனைப் பார்த்தார். அதற்குமேல் முனியாண்டியைப் பார்த்தார். சிமெண்டில் செய்த உருவம், பிதுங்கின கண், முறுக்கின மீசை, வாயில் யாரோ பற்றவைத்த சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிராணியையே பார்த்துக்கொண்டிருந்தான். கிராணியின் கை சட்டைக்குள் தொங்கின சிலுவைக்குப் போய்விட்டுத் திரும்பியது. அப்போதுதான் கோயில் மணலில் காலில் சப்பாத்தோடு நிற்கிறோம் என்பதைக் கவனித்திருக்க வேண்டும். குனிந்தார். ஒன்று, பிறகு இன்னொன்று என்று கழற்றினார். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அந்த மாதத்து வெயிலில் அந்தச் செம்மண் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ்வரைக்கும் அவர் சப்பாத்தைப் போட்டுக்கொள்ளவில்லை.